ஸ்காபறோவிலிருந்து அக்காவுக்கு: சாமான் விலையும் குசினிக் கணக்கும்

ஸ்காபறோ, ரொறொன்ரோ, கனடா,
தை, 2026.

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இங்கு சுகம். அங்கும் எல்லோரும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை.

நீங்கள் போனில் கேட்டதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன். “டொலரில் உழைக்கிற நாட்டில் சாமான் விலை ஒரு விலையோ” என்று சிரித்தீர்கள். உங்கட இளையவன் புரட்டாதியில் இங்கு படிக்க வாறான். அவனுக்கும் அதே நினைப்பென்றால் கொண்டுவாற காசு மார்கழிக்கு முன்னமே கரைந்துபோம். வாசித்துவிட்டு அவனிடமும் கொடுங்கோ.

முதலில் கணக்குப் பார்க்கிற முறை. இங்கத்தைய விலையை ரூபாயாக்கிப் பார்த்தால் எல்லாம் அநியாயமாகத் தெரியும். சம்பளத்தை ரூபாயாக்கிப் பார்த்தால் எல்லோரும் பணக்காரர். இரண்டும் பிழை. மணித்தியாலத்தால் கணக்குப் பார்க்கவேணும். ஒன்ராறியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து மணிக்கு 17.60 டொலர். வெளிநாட்டு மாணவர் படிப்பு நடக்கிற காலத்தில் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். ஆகக்கூடினால் 422 டொலர், அதிலும் பிடித்தம் உண்டு. வாடகை, பஸ், போன் இவற்றில் கைவைக்க ஏலாது. இழுத்துப் பிடிக்கக்கூடியது சாப்பாட்டுச் செலவு ஒன்றுதான்.

2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவு ஒரு வருடத்துக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. நீங்கள் பட்டபாடு தெரியும். அதே மாதம் கனடாவில் கடைச் சாமான் 11.4 சதவீதம் ஏறியது. உங்களுக்கு அது தூசு. இங்குள்ளவர்கள் 1981க்குப் பிறகு அப்படியொன்றைக் கண்டதில்லை. பிறகு “பணவீக்கம் இறங்கிவிட்டது” என்று செய்தியில் சொன்னார்கள். ஏறுகிற வேகம்தான் இறங்கியது, விலை இறங்கவில்லை.

எது ஏறி இறங்கும், எது ஏறினால் இறங்காது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பால், முட்டை, கோழி மூன்றும் இங்கு உற்பத்தி அளவு கட்டுப்படுத்தப்பட்ட பண்டங்கள். பாலுக்குப் பண்ணை விலையை ஒரு ஆணைக்குழு வருடத்துக்கொருமுறை, பெரும்பாலும் பெப்ரவரி முதலாம் திகதி, மாற்றும். 2022இல் இரண்டு தரம் ஏற்றினார்கள். ஆகவே பாலுக்குப் பெரிய மலிவு வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நாலு லீற்றர் பையாக வாங்கினால் உள்ளே மூன்று சிறுபை இருக்கும்; ஒன்றை வெட்டிப் பாவிக்க மற்றதை உறையவைக்கலாம். மாரியில் மரக்கறி அமெரிக்காவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் வாறது. அங்கே மழை பிழைத்தால் இங்கே பூக்கோவா விலை ஒரு கிழமைக்குள் ஏறும், மூன்று கிழமையில் இறங்கும். அந்த மூன்று கிழமையும் கோவாவும் கரட்டும் சாப்பிட்டால் சரி.

அரிசி வேறு மாதிரி. 2023 ஜூலை 20ஆம் திகதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளைப் பச்சையரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரி போட்டது. தடை வெள்ளை அரிசிக்குத்தான், ஆனால் செய்தி கேட்ட சனம் எந்த அரிசியென்று பாராமல் மூட்டை மூட்டையாக அள்ளியது. தடை 2024 செப்டெம்பரில் எடுபட்டது. வாங்கிக் குவித்த வீடுகளில் மூட்டைக்குள் வண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி வைத்தால் மாதம் 9 கிலோ. இங்கு 20 இறாத்தல் பை சரியாக அந்த அளவு. கையில் ஒன்று, மலிவு வந்தால் இன்னொன்று, அதற்குமேல் வேண்டாம்.

பருப்புக்கு மட்டும் இந்த நாட்டில் கவலையில்லை. நீங்கள் சுன்னாகத்தில் வாங்குகிற மைசூர்ப்பருப்பில் கனக்க சஸ்கச்சுவான் மண்ணில் விளைந்து கப்பலேறி வந்ததுதான். அதையே இங்கு பெரிய கடையில் பச்சை எழுத்தில் “இயற்கை உணவு” என்று அச்சடித்த சின்னப் பையில் வாங்கினால் அநியாய விலை. தமிழ்க் கடையிலோ, பெரிய கடையின் தெற்காசியச் சாமான் தட்டிலோ இரண்டு கிலோ, நாலு கிலோ பையாக வாங்கவேணும். ஒரு நாளைக்கு 50 கிராம், மாதம் ஒன்றரைக் கிலோ. ஊறப்போடத் தேவையில்லை, 15 நிமிசத்தில் அவியும்.

இனி வியாழக்கிழமை. கடைகளின் மலிவுத் தாள் வியாழன் தொடங்கிப் புதன் முடியும். புதன் இரவு ஃபிளிப் என்கிற செயலியில் அடுத்த கிழமைத் தாள்களைப் பார்க்கலாம். நோ ஃப்ரில்ஸ், ஃபிரெஷ்கோ போன்ற கடைகளில் பக்கத்துக் கடையின் தாளைக் காட்டினால் அதே விலைக்குத் தருவார்கள்; வோல்மார்ட் 2020 ஒக்டோபரில் இதை நிறுத்திவிட்டது. இதில் பிழைக்கிற இடங்கள் உண்டு. அதே கம்பனி, அதே நிறை, அதே வகையாக இருக்கவேணும்: தாளில் 900 கிராம், கையில் 750 கிராம் என்றால் தரமாட்டார்கள். “கோழி” என்று தாளில் இருக்கத் தோல் நீக்கிய தொடையைக் கொண்டுபோய் நீட்டக்கூடாது. சின்னத் தமிழ்க் கடைத் தாளைச் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள். காசாளர் கையில் சாமானைக் கொடுக்க முன்னமே சொல்லவேணும், அடித்து முடிந்தபிறகு சொன்னால் பின்னால் நிற்கிற வரிசை முறைக்கும். ஒரு டொலருக்காக மூன்று பஸ் மாறிப் போவதும் மிச்சம் இல்லை.

விலைச்சீட்டு இன்னொரு கூத்து. இறைச்சிக்கும் பழத்துக்கும் இறாத்தல் விலையைப் பெரிதாகவும் கிலோ விலையைச் சின்னதாகவும் போடுவார்கள். இறாத்தல் 454 கிராம். 1.99 என்று கொட்டை எழுத்தில் இருந்தால் கிலோ 4.39. பைச் சாமானுக்குக் கீழே 100 கிராம் விலை சின்னனாக இருக்கும். அதை மட்டும் பார்த்தால் காணும். பை அதே அளவு, உள்ளே நிறை குறைவு என்கிற விளையாட்டும் அதில் பிடிபடும். பில்லில் தட்டு விலையைவிடக் கூட விழுந்தால் சத்தம் போடத் தேவையில்லை. அதற்கொரு நெறி இருக்கிறது: அந்த நெறியில் சேர்ந்திருக்கிற கடையென்றால், குறித்த தொகைக்குள் அடங்கிய சாமானைச் சும்மா தரவேணும், சாமானின் விலை அந்தத் தொகைக்கு மேலென்றால் அந்தத் தொகையைக் கழிக்கவேணும். வெட்கப்பட்டுப் பேசாமல் வாறவர்கள்தான் கனபேர்.

வரியும் பார்க்கவேணும். அரிசி, மா, மரக்கறி, பால், பச்சை இறைச்சிக்கு வரியில்லை. சோடா, இனிப்பு, சிப்ஸ், சுடச்சுடக் கட்டித் தாற சாப்பாடு இவற்றுக்குப் பெரும்பாலும் 13 சதவீதம். மஃபின், டோனட் ஆறுக்குக் குறைய வாங்கினால் வரி, ஆறாக வாங்கினால் இல்லை. யார் இருந்து யோசித்தார்களோ தெரியாது.

குசினிக்கு வருவோம், காசு மிஞ்சுகிறதும் வீணாகிறதும் அங்கேதான். ஊரில் முற்றத்து முருங்கையும் வேலியோரக் கறிவேப்பிலையும் செய்கிற வேலையை இங்கு பிறீசர் செய்யவேணும். கோழியைப் பெரிய பொதியாக, முதுகெலும்போடு சேர்ந்த கால் மலிவாக வாற கிழமை எடுத்து, தோலும் கொழுப்பும் கழித்து, ஒரு சமையலுக்கு 500 கிராம்படி பொலித்தீன் பையில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி, திகதி எழுதி வைக்கவேணும். உருண்டையாக வைத்தால் வெளிப்பக்கம் இளகி நடு கல்லாயிருக்கும். முதல்நாள் இரவே பிறிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி இளகவிடவேணும், மேசையில் வைக்கக்கூடாது. இளகின பச்சை இறைச்சியைத் திரும்ப உறையவைக்கவும் கூடாது. பாதிவிலைச் சீட்டு ஒட்டின இறைச்சி நல்லதுதான், ஆனால் அன்றைக்கே சமைக்கவேணும், அல்லது அன்றைக்கே உறையவேணும். “இதற்குமுன் சிறந்தது” என்று போட்ட திகதி பழுதாகிற திகதி இல்லை. அந்த நாள் கடந்த பாணையும் தயிரையும் முகர்ந்து பார்த்துப் பாவிக்கலாம்.

மீனில் அவசரப்படவேண்டாம். பனிக்கட்டி பூசின அறக்குளாத் துண்டை நிறுத்து விற்கிற இடத்தில் பனிக்கும் சேர்த்துத்தான் காசு. கிழமைக்கு ஒரு ரின்மீனும் சூடையும் போதும் என்று சொல்லிவையுங்கோ.

தேங்காய்: ஊரில் 200 ரூபாய் தாண்டின காலத்தில் நீங்கள் அழுதது ஞாபகம். இங்கு முழுத் தேங்காயை உடைத்தால் மூன்றில் ஒன்று பழுதாயிருக்கும், திருப்பிக் கொடுக்கவும் ஏலாது. உறைந்த தேங்காய்ப்பூப் பக்கெற்தான் வசதி. அதில் தண்ணி நிற்கும். சம்பலுக்கென்றால் வெறுஞ்சட்டியில் இரண்டு நிமிசம் ஈரம் போகப் பிரட்டவேணும், இல்லாவிட்டால் சம்பல் சளசளக்கும். தேங்காய்ப்பால் ரின் 400 மில்லிலீற்றர்; ஒரு ஆளுக்கு மூன்று சொதிக்குக் காணும். உடைத்த ரின்னோடு அப்படியே பிறிட்ஜில் வைத்தால் நாலு நாளில் புளிக்கும். ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டியபோது நாலு கட்டி போடலாம். கறிவேப்பிலை இங்கு ஒரு சின்னப் பிடி விற்கிற விலைக்கு வாயைப் பிளப்பீர்கள். கழுவின ஈரத்தோடு வைத்தால் கறுக்கும். துணியில் ஒற்றி, நெட்டோடு காற்றுப் புகாத பையில் உறையவைத்து, நேரே தாளிதத்தில் போடவேணும். பச்சைமிளகாயும் அப்படித்தான்.

இடியப்பமும் புட்டும் கடையில் வாங்கத் தொடங்கினால் காசு போகிற வழி தெரியாது. கோதுமைமா 10 கிலோப் பை மலிவில் வரும். இங்கத்தைய மாவில் பசைத்தன்மை கூட, அவிக்காமல் புட்டுக் கொத்தினால் களிதான். ஒரு கிலோவை வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி முக்கால் மணித்தியாலம் அவிக்கவேணும். மூடியில் ஊறுகிற தண்ணி சொட்டினால் அந்த இடம் பசையாகும், ஆகவே மூடிக்குத் துணி சுற்றவேணும். இறக்கின கையோடு சூட்டில் உடைத்து அரிக்கவேணும். ஆறவிட்டால் உலக்கை தேவைப்படும். நன்றாக ஆறினபிறகுதான் பேணியில் அடைக்கலாம், இளஞ்சூட்டில் மூடினால் பூஞ்சணம். புட்டுக்குப் பாதி இது, பாதி வறுத்த அரிசிமா.

சின்ன வெங்காயத்தை மறக்கச் சொல்லுங்கோ. உங்களுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பிடியாகக் கிடைக்கிறது இங்கு ஆடம்பரம். பெரிய வெங்காயம் 10 இறாத்தல் பையாக வாங்கலாம், ஆனால் கிழங்கோடு சேர்த்து வைத்தால் இரண்டும் முளைக்கும். வீட்டுக்குள் மாரி முழுதும் வெக்கை ஓடும். குளிரான இருட்டு மூலை ஒன்று தேடி வைக்கவேணும்.

ஒன்று மட்டும் கோபப்படாமல் கேளுங்கோ. இங்கு உணவு வங்கி என்று உண்டு. ரொறொன்ரோவில் பத்தில் ஒருவருக்கு மேல் அதை நம்பியிருக்கினம் என்று டெய்லி பிறெட் உணவு வங்கி 2024இல் அறிக்கை விட்டது. வேலைக்குப் போகிறவர்களும் அதில் இருக்கினம். பல கல்லூரி வளாகங்களிலும் நடத்துகிறார்கள். முட்டுப்பட்டால் போகவேணும், “எங்கட குடும்பத்தில் ஒருத்தரும் கையேந்தவில்லை” என்ற கதையை அவன் காதில் போடாதேங்கோ. பட்டினி கிடந்து வகுப்பில் தூங்கினால் கட்டின காசு முழுதும் நட்டம்.

கடைசியாகப் பெட்டி. கறித்தூள் அங்கேயே வறுத்து இடிப்பிக்கவேணும். இங்கு மாடிவீட்டில் செத்தல்மிளகாய் வறுத்தால் புகைமணி அடித்துக் கட்டிடமே இறங்கி நிற்கும். ஒரு கறிக்குப் பத்துக் கிராம், மாதம் 300 கிராம், இரண்டு கிலோ ஆறு மாதத்துக்கு மேல் வரும். மில்லால் வந்த சூட்டோடு கட்டாமல் கடதாசியில் பரப்பி ஒருநாள் ஆறவிட்டு, இரட்டைப் பையில் ஒட்டுங்கோ. இறைச்சி எதுவும் வேண்டாம், பச்சை இலை, விதை, மண்ணோடு கிழங்கும் வேண்டாம். விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் இருக்கு என்று உள்ளதைச் சொல்லவேணும், ஒளித்தால் தண்டம். ஒடியல்மா அரைக் கிலோ, பனங்கட்டி ஒரு குட்டான். புட்டுக்குழல் வையாதேங்கோ, இடத்தைப் பிடிக்கும், இங்கு வாங்கலாம். புட்டவிக்கிற ஓலை நீத்துப்பெட்டி ஒன்று வையுங்கோ. அது பாரமில்லை, உள்ளே காலுறையைத் திணிக்கலாம்.

அன்புடன்,
தங்கச்சி