வீணை வகுப்பு நேரம் குறித்துப் பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. மழை விடுமுறைகளுக்கு இடையிலும் அரையாண்டுத் தேர்வுகள் முடிந்தன. விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் நம் மாணவர்கள் பரிசு பெற்றுள்ளனர். அனைவருக்கும் வாழ்த்துகள்.

இப்பருவத்தில் வீணை வகுப்பு மாணவர்கள், வீணை வித்துவான் கே. எஸ். நாராயணசுவாமியின் வாழ்க்கையைப் படித்து வழிபாட்டுக் கூட்டத்தில் பேசினார்கள். 1914இல் பாலக்காடு பகுதியிலுள்ள கொடுவாயூரில் பிறந்த அவர் இசை பயில வந்தது, நம் சீர்காழியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்தால் எட்டிவிடக்கூடிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத்தான். அங்கே சபேசய்யரிடமும் தஞ்சாவூர் பொன்னையா பிள்ளையிடமும் வாய்ப்பாட்டும், தேசமங்கலம் சுப்பிரமணிய ஐயரிடம் வீணையும் கற்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். குருவின் வீட்டில் தங்கிக் கற்றுவந்த இசை, மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் வகுப்பறைக்குள் நுழைந்த காலம் அது. அதன்பின் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் கற்பித்து முதல்வராகவும் உயர்ந்தார். பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயருடன் சேர்ந்து, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய கிருதிகள் என்னும் இசைப்பாடல்கள் பரவ உழைத்தார். 1979இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற அவர் 1999இல் மறைந்தார். திருவனந்தபுரம் ஆர். வெங்கட்ராமன் போன்ற மாணவர்களின் விரல்களில் அவருடைய பாணி தொடர்ந்தது. விருதைவிட இதுவே பெரிது என்பது என் எண்ணம்.

அவரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மணியடித்து முடியும் வகுப்பில் இசை கற்க வேண்டுமானால், அந்த நேரம் முழுவதும் வேண்டும். புதன், வெள்ளி மாலைகளில் நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடியும் நம் வீணை வகுப்பிலிருந்து, டியூஷனுக்கு நேரமாகிறது என்று நாலரை மணிக்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வழக்கம் இப்பருவத்தில் மிகவும் பெருகிவிட்டது. உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளையின் மதிப்பெண் எந்த வீட்டிலும் சிறிய விஷயமல்ல. ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். ஈரக் காற்றில் சுருதி இறங்கியிருக்கும் நான்கு வாசிப்புத் தந்திகளையும் மூன்று தாளத் தந்திகளையும் சேர்த்து முடிக்கவே கால் மணி நேரம் ஆகிறது. அதன்பின் மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரு பயிற்சி வரிசையை எடுத்து, மெதுவான முதற்காலத்தில் வாசித்து, இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்குப் போகும்போதுதான் வாசலில் ஹாரன் ஒலிக்கிறது. இதனால் அதனினும் விரைவான மூன்றாம் காலத்தை ஒருமுறைகூட முழுதாக வாசிக்காமலேயே சில குழந்தைகள் இப்பருவத்தை முடித்துள்ளனர். ஒரு பிள்ளை நடுவே எழுந்தால் அதே வீணையைப் பகிர்ந்துகொள்ளும் மற்றொரு பிள்ளையின் கவனமும் கலைகிறது. வீணையின் குடத்தின் மேல் பையோ காலோ பட்டு விடுமோ என்று ஆசிரியை பதறுகிறார். மெழுகில் பதித்த மெட்டுகள் பெயர்ந்தால் மீண்டும் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்பப் பதிக்க, தஞ்சாவூருக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே, ஜனவரி முதல் ஐந்து மணிக்கு முன்பாக எந்த மாணவரும் வீணை வகுப்பிலிருந்து அனுப்பப்பட மாட்டார். உடல்நலம், குடும்ப அவசரம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதையும் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். தொடர்ந்து இயலாதவர்கள் இடத்தை விட்டுக்கொடுத்தால், காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அதை வழங்குவோம். வகுப்பு நடக்கும்போது வாசலில் ஹாரன் அடிப்பதை அறவே தவிர்க்க வேண்டும். இதில் தளர்வு இருக்காது.

இதைக் கண்டிப்புடன் எழுத நேர்ந்ததற்காக யாரும் மனம் வருந்த வேண்டாம். டியூஷன் நேரத்தை அரை மணி தள்ளி வைக்கச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்ட பெற்றோர் சிலர் உண்டு. கொட்டும் மழையிலும் ஐந்து மணி வரை குடையோடு காத்திருந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துச் சென்றவர்களும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேரத்தை மாற்றிக்கொள்வதில் சிரமம் உள்ளவர்கள், பள்ளி திறந்த முதல் வாரத்தில் மாலை வேளையில் என்னை நேரில் சந்திக்கலாம். சேர்ந்து ஒரு வழி காண்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்