எங்கே போய்ப் பேசுவது? தாய்லாந்து அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நீதிபதிகளுக்கு,

வணக்கம். உங்கள் தீர்ப்புகளை நல்லெண்ணத்தோடு விமர்சிக்கலாம். வசையோ நக்கலோ வன்மமோ மட்டும் கூடாது என்கிறது உங்கள் நீதிமன்றத்துக்கான 2018ஆம் ஆண்டுச் சட்டம். வசையும் வன்மமும் எனக்கு வராது. நக்கலை அடக்குவதுதான் கொஞ்சம் கஷ்டம். ஏனென்றால் சமக் சுந்தரவேத் கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பிரதமராக இருந்துகொண்டே தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திக் காசு வாங்கினார் என்று 2008 செப்டம்பரில் அவர் பதவி பறிபோனது. அவரை 'ஊழியர்' என்று சொல்லலாமா என்று பார்க்க உங்கள் நீதிமன்றம் அகராதியைப் புரட்டியது. அப்புறம் சொம்சாய், யிங்லக், சிரெத்தா, 2025 ஆகஸ்டில் பேதோங்தார்ன். ஆக ஐந்து பிரதமர்கள். கடைசியாகப் போனவர் கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னை 'அங்கிள்' என்று அழைத்துப் பேசிய அந்தத் தொலைபேசி உரையாடல் எனக்கும் எரிச்சலூட்டியதுதான். ஆனாலும் அவரை வீட்டுக்கு அனுப்பும் வேலை நாடாளுமன்றத்துடையது, அல்லது வாக்காளருடையது.

சரி, நான் எழுத வந்தது பிரதமர்களைப் பற்றி அல்ல. அரச அவமதிப்புச் சட்டத்தைத் திருத்தக் கேட்பதையே குற்றமாக்கிய உங்கள் தீர்ப்புகளைப் பற்றி.

2020 பிப்ரவரியில் எதிர்கால முன்னோக்குக் கட்சியைக் கலைத்தீர்கள். தலைவர் தன் கட்சிக்கே கடன் கொடுத்தது குற்றமானது. அந்தக் கட்சிக்கு வாக்களித்த இளைஞர்கள் கொதித்தார்கள். கல்லூரி வளாகங்களில் கூட்டங்கள் தொடங்கின. ஆகஸ்ட் 10 அன்று தம்மசாத் பல்கலைக்கழகத்தின் ரங்சித் வளாகத்தில் பனுசயா என்ற மாணவி முடியாட்சியைச் சீர்திருத்தப் பத்துக் கோரிக்கைகளை வாசித்தார். ஒழிக்கச் சொல்லவில்லை, சீர்திருத்தத்தான் கேட்டார்கள். 2021 நவம்பரில் நீங்கள் அந்தப் பேச்சுகளையே ஆட்சிமுறையைக் கவிழ்க்கும் முயற்சி என்றீர்கள்.

தெருவில் கத்தாதே, சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? அதையும் செய்து பார்த்தார்கள். நீங்கள் கலைத்த கட்சியின் வழிவந்த முன்னேறும் கட்சியின் 44 உறுப்பினர்கள் 2021இல், அரச அவமதிப்பைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவைத் திருத்த ஒரு மசோதா கொடுத்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் யார் மீதும் அரச அவமதிப்புப் புகார் கொடுக்கலாம். அரண்மனை அலுவலகம் மட்டுமே புகார் தரட்டும், தண்டனையும் குறையட்டும் என்பதுதான் அதன் சாரம். மசோதா விவாதத்துக்கே வரவில்லை. 2023 தேர்தலில் அதையே வாக்குறுதியாக வைத்தார்கள். 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள், 500இல் 151 இடங்கள், முதலிடம். மக்கள் தேர்ந்தெடுக்காத செனட் அவர்களின் தலைவர் பிதா லிம்ஜாரோன்ரத்தைப் பிரதமராக விடவில்லை, அது தனிக்கதை.

2024 ஜனவரி 31 அன்று அந்த மசோதாவும் அந்த வாக்குறுதியும்கூடக் கவிழ்ப்பு முயற்சிதான் என்று தீர்ப்பளித்தீர்கள். ஆகஸ்ட் 7 அன்று கட்சியைக் கலைத்து, அதன் நிர்வாகிகள் 11 பேருக்குப் பத்தாண்டு அரசியல் தடை விதித்தீர்கள். மிச்சமிருந்த உறுப்பினர்கள் இரண்டே நாளில் மக்கள் கட்சி என்ற பெயரில் மறுபடி கூடிவிட்டார்கள். கலைத்து என்ன கண்டீர்கள்?

112 என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. உங்கள் ஜனவரித் தீர்ப்புக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, முகநூல் பதிவுகளுக்காக ஒருவருக்கு மேல்முறையீட்டில் 50 ஆண்டு என்றானது. பாங்காக் சீலோம் சாலையில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் எதிரே 2020 அக்டோபரில் போராட்டக்காரர்கள் கேலியாக ஒரு ஆடை அணிவகுப்பு நடத்தினார்கள். இளஞ்சிவப்புத் தாய் பட்டு உடுத்தி நடந்த ஒரு பெண், அரசியைக் கேலி செய்தார் என்று மூன்று ஆண்டு தண்டனை பெற்றார். அதே தீர்ப்பில் அது இரண்டாகக் குறைந்தது. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். உடுத்திய பட்டுக்காகச் சிறை என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அந்தத் தண்டனை நீங்கள் கொடுத்ததல்ல, வேறு நீதிமன்றம் கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டத்தைத் திருத்தலாம் என்று மேடையில் சொன்னாலும் குற்றம், மசோதாவில் எழுதினாலும் குற்றம், தேர்தலில் வாக்குக் கேட்டாலும் குற்றம் என்று ஆக்கியது நீங்கள். 112ஐத் திருத்தவே முடியாது என்று சொல்லவில்லை, முறையான வழியில் செய்யலாம் என்பீர்கள். நாடாளுமன்றத்தில் மசோதா கொடுப்பதைவிட முறையான வழி எது? அடுத்து இப்படி ஒரு வழக்கு வரும்போது அதற்கான பதிலை உங்கள் தீர்ப்பிலேயே ஒரு பத்தியாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தீர்ப்புகளைத் தூரத்திலிருந்து கவனிக்கும் ஒரு தமிழன்