டயல் போனைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பவர்களுக்கு

பழைய கருவி ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அவர்கள் முழிப்பதை வீடியோ எடுத்துப் பகிரும் பெரியவர்களே,

வணக்கம்.

உங்கள் வீடியோக்களை நிறையவே பார்த்தாயிற்று. மேசைமேல் ஒரு டயல் போன். எதிரே பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பையன். 'இந்த நம்பருக்கு போன் பண்ணு, பார்க்கலாம்' என்கிறீர்கள். அவன் ஓட்டைக்குள் விரலை விட்டு, பொத்தானை அமுக்குவதுபோல் அமுக்குகிறான். ரிசீவரை எடுக்காமலே சுற்றுகிறான். கேமராவுக்குப் பின்னால் சிரிப்பு. கீழே, 'இந்தத் தலைமுறைக்கு ஒன்றுமே தெரியாது' என்று ஒரு வரி. டயல் போன் அலுத்துவிட்டால் கேசட்டும் பென்சிலும், அதுவும் அலுத்தால் முள் கடிகாரம்.

கணினி வகுப்பு எடுப்பது என் தொழில். காலையில் கல்லூரிப் பிள்ளைகள், மாலையில் பணி ஓய்வு பெற்றவர்கள். இரண்டு பக்கத்துத் திணறலும் எனக்கு அன்றாடக் காட்சி. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த டயலையே எடுத்துக்கொள்வோம். ரிசீவரைக் கையில் எடுக்க வேண்டும். டயல் டோன் வருகிறதா என்று கேட்க வேண்டும். எண்ணுக்குரிய ஓட்டையில் விரலை வைத்து, உலோகத் தடுப்பில் முட்டும்வரை சுற்ற வேண்டும். பிறகு விரலை எடுத்துவிட வேண்டும். தட்டு தானாகத் திரும்பும். அதைத் தள்ளவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. ஏனென்றால் நாம் சுற்றும்போது உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறுகிறது, அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சுக்கு எண் போய்ச் சேருவது தட்டு திரும்பி வரும்போதுதான். அந்த வேகத்தை உள்ளே இருக்கும் 'கவர்னர்' என்ற சின்ன வேகக்கட்டுப்பாட்டுப் பாகம் ஒரே சீராக வைக்கிறது; நொடிக்குச் சுமார் 10 துடிப்பு என்ற கணக்கில் மின்சுற்று விட்டு விட்டுத் துண்டிக்கப்படுகிறது. 3 என்றால் மூன்று துண்டிப்பு. 0 என்றால், பெரும்பாலான நாடுகளில், பத்து. அவசரப்பட்டு விரலால் தள்ளினால் கணக்கு பிசகி ராங் நம்பர் விழும். இதில் எது பார்த்த மாத்திரத்தில் விளங்கும் சங்கதி, சொல்லுங்கள்?

யாருக்கும் விளங்கவில்லை. அதனால்தான் 1920-களில் டயல் போன் பரவியபோது, தொலைபேசி நிறுவனங்கள் எப்படிச் சுற்றுவது என்று விளக்கக் குறிப்புகள் அச்சடித்தன, திரையரங்கில் படம் போட்டுக்கூடக் காட்டின. அப்படியும் எல்லோரும் சமாதானம் ஆகவில்லை. 1930-ல் அமெரிக்க செனட்டில் நடந்த கூத்து பதிவாகியிருக்கிறது. வர்ஜீனியாவின் கார்ட்டர் கிளாஸ், அப்போது 72 வயது, செனட்டில் மாட்டிய டயல் போன்களை முப்பது நாளுக்குள் பிடுங்கிவிட்டுப் பழையபடி ஆபரேட்டர் இணைப்பே கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சாதாரண போனைவிட இது கஷ்டமாக இருக்கிறது, ஆபரேட்டர் பார்க்க வேண்டிய வேலையை செனட்டர்கள் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது புகார். தீர்மானம் நிறைவேறியது! மேரிலாந்தின் மில்லர்ட் டைடிங்ஸ், 40 வயது, எனக்கு டயலே இருக்கட்டும் என்று குறுக்கே நின்றார். கடைசியில் அவரவருக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளலாம் என்று முடித்தார்கள். சட்டம் இயற்றும் மனிதர்கள், விளக்கக் குறிப்பு கையில் இருந்தும், சுற்ற மாட்டேன் என்று தீர்மானம் போட்ட கருவி அது. எந்தக் குறிப்பும் இல்லாமல் அதன்முன் உட்காரவைக்கப்பட்ட பையனைப் பார்த்துத்தான் நீங்கள் சிரிக்கிறீர்கள்.

இன்னொன்று. 'தெரிந்திருக்க வேண்டியவை' பட்டியலை எந்த வருடத்திலிருந்து தொடங்குகிறீர்கள்? உங்களில் எத்தனை பேருக்கு ஸ்லைடு ரூலில், அதாவது நகர்த்தி நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோலில், பெருக்கத் தெரியும்? 1972-ல் பாக்கெட்டில் அடங்கும் முதல் அறிவியல் கால்குலேட்டர் சந்தைக்கு வந்தது. சில வருடங்களில் ஸ்லைடு ரூல் மூட்டை கட்டிவிட்டது. அதற்கு முன்பு பொறியியல் படித்தவர்கள் அதை வைத்துத்தான் பாலம் கட்டினார்கள். அவர்கள் உங்கள் கையில் அதைக் கொடுத்துவிட்டு கேமராவைத் திருப்பியிருந்தால், கதை வேறு மாதிரி இருந்திருக்கும். பட்டியல் எப்போதும் அவரவர் பள்ளிக்கூட நாளில் தொடங்கி, அவரவர் தடுமாறத் தொடங்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது. வசதியான பட்டியல்தான்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்கிறாயா என்றால், இல்லை. அங்கேதான் எனக்கு உங்கள்மேல் உண்மையான வருத்தம். குறை இருக்கிறது. நீங்கள் அதைத் தேடும் இடம்தான் தப்பு.

வீட்டுக்கு ஒரு போன் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மணி அடிக்கும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை எடுக்கும். யார் பேசுகிறார் என்று தெரியாது, திரையில் பெயர் வராது. 'நீங்க யாரு பேசறது?' என்று மரியாதையாகக் கேட்கத் தெரிய வேண்டும். அப்பா குளித்துக்கொண்டிருந்தால், எல்லாவற்றையும் உளறாமல், 'கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடச் சொல்றேன்' என்று சொல்லத் தெரிய வேண்டும். பெயரையும் எண்ணையும் எழுதி, ஒருமுறை திருப்பிப் படித்துச் சரிபார்க்க வேண்டும். நண்பனுக்கு போன் போட்டால் அவனுடைய அப்பா எடுப்பார். தொண்டை அடைத்தாலும் தன் பெயரைச் சொல்லிவிட்டு, என்ன விஷயம் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். பத்து வயதுக்குள் நூறு தடவை நடந்துவிடும் இது. யாரும் வகுப்பு எடுக்கவில்லை. முகம் தெரியாத ஆளிடம் பேசுகிற பழக்கத்தை அந்தக் கருவி, தன் பாட்டுக்கு, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆளுக்கொரு போன் வந்ததும் கருவியோடு சேர்ந்து அந்தப் பயிற்சியும் போய்விட்டது. போனதை யாரும் கவனிக்கவில்லை. என் காலை வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் சிலர், ஓர் அலுவலகத்துக்கு போன் செய்து ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னால் வெலவெலத்துப் போகிறார்கள். என்ன பேச வேண்டும் என்று முழுதாக எழுதி வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்துவிட்டு, கடைசியில் 'மெயில் போட்டுக்கலாமா சார்?' என்கிறார்கள். டயலைச் சுற்றத் தெரியாததால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதில் நஷ்டம் உண்டு. ஆனால் இதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. பார்க்க வேடிக்கையாக இருக்காது.

ஒவ்வொரு பழைய கருவியும் இப்படி, மேலே எழுதாத ஒரு பாடத்தை வயிற்றில் வைத்திருந்தது என்பது என் எண்ணம். 36 படம் மட்டுமே எடுக்கக்கூடிய ஃபிலிம் ரோல், அமுக்குவதற்குமுன் யோசிக்க வைத்தது. காகித வரைபடம், எந்தத் திசையில் நிற்கிறோம் என்று கேட்க வைத்தது. கேசட்டும் பென்சிலும்? அதில் ஒன்றும் இல்லை. நாடா சிக்கியது, பென்சில் கைக்குக் கிடைத்தது, சக்கரத்துக்குள் பொருந்தியது. அதை மறந்துவிடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதும் கூட்டெழுத்தைப் பற்றியும் எனக்குப் பெரிய கவலை இல்லை. கலிபோர்னியாவில் 2023-ல் சட்டம் போட்டு அதை ஆறாம் வகுப்புவரை கட்டாயமாக்கியிருக்கிறார்கள், நல்லது, நடக்கட்டும்.

முள் கடிகாரம் அப்படியில்லை. 2018-ல் இங்கிலாந்தில் சில பள்ளிகள் தேர்வு அறையில் முள் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் கடிகாரம் மாட்டியதாகச் செய்தி வந்தது. பிள்ளைகளுக்கு மணி பார்க்கத் தெரியவில்லை, பதற்றப்படுகிறார்கள் என்பது காரணம். 11:22 என்ற எண்ணைப் பார்த்தால், தேர்வு முடிய எவ்வளவு இருக்கிறது என்று கழித்துப் பார்க்க வேண்டும். முள்ளைப் பார்த்தால் மிச்சம் கண்ணுக்கே தெரிகிறது, கால் வட்டமா அரை வட்டமா என்று. தேர்வு அறையில் உதவுகிறது என்றால் அதுதான் உதவும். ஒரு மதியம் செலவழித்தால் கற்றுக்கொடுத்துவிடலாம். கற்றுக்கொடுக்காமல் கழற்றிவைத்ததும் பெரியவர்கள்தான்.

கணினிப் பக்கம் வந்தால் கதை இன்னும் சுவாரசியம். 2001-ல் மார்க் பிரென்ஸ்கி என்பவர் 'டிஜிட்டல் நேட்டிவ்' என்று ஒரு பெயர் வைத்தார். கணினியோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தாய்மொழி மாதிரி என்று பொருள். எல்லோரும் நம்பினோம். நம்பியதும், கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டோம். எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினித் திறனைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், கிடைத்த தகவல் நம்பத்தக்கதா, பயன்படுமா என்று தாங்களே எடைபோடும் உச்ச நிலையை எட்டியவர்கள் சராசரியாக 2 விழுக்காடு. தாய்மொழியாம்!

என் வகுப்பில் ஒரு பையன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கட்டுரை அடித்தான். எங்கே சேமித்தாய் என்று கேட்டேன். 'வேர்டுலதான் சார் இருக்கு' என்றான். எந்த ஃபோல்டரில் என்றேன். முகத்தில் ஒரு வெறுமை. அவனைப் பொறுத்தவரை கோப்புகள் எல்லாம் ஒரே குவியல். வேண்டியதைத் தேடல் பெட்டியில் பெயர் அடித்து எடுக்கலாம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற ஏற்பாடே மாணவர்கள் மனத்தில் இல்லை என்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் பலர் 2021 வாக்கில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. போனில் அந்த அடுக்கு முழுவதையும் மூடி மறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். எதிரே அலமாரி இருந்தவனுக்கு அடுக்கு தெரிந்தது. அலமாரியையே பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்?

மாலை வகுப்பில் இதற்கு நேர் எதிர். பெரியவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு படியையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். மேலே வலது பக்கம் மூன்று கோடு, அதை அமுக்கு, மூன்றாவது வரி, பச்சைப் பொத்தான். செயலி ஒருநாள் இரவு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மூன்று கோடு கீழே இடம் மாறிவிடுகிறது, பச்சை நீலமாகிவிடுகிறது. நோட்டு வீண். 'ஏதாவது அமுக்கி எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னா?' என்று விரலைத் திரைக்கு மேலேயே நிறுத்திவைத்திருக்கிறார். இதையும் யாரோ ஒரு பேரன் வீடியோ எடுத்துப் போடுகிறான், உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டுதான்.

அந்த நிலைக்குப் போகும்போது ஸ்பெயினின் கார்லோஸ் சான் ஹுவானை நினைத்துக்கொள்ளுங்கள். வாலென்சியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர், 78 வயது. வங்கிகள் கவுன்ட்டரை மூடிவிட்டு எல்லாவற்றையும் செயலிக்கும் இயந்திரத்துக்கும் தள்ளியபோது, 'நான் வயதானவன்தான், முட்டாள் இல்லை' என்று கையெழுத்து வேட்டை தொடங்கினார். 2022-ல் 6 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. கவுன்ட்டர் நேரத்தைக் கூட்ட வங்கிகள் சம்மதித்தன. அவர் கேட்டதும் டயல் முன்னால் உட்கார்ந்த பையனுக்குத் தேவைப்பட்டதும் ஏறக்குறைய ஒன்றுதான்: பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்.

ஆகவே நான் கேட்பது இது. வீடியோ எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். எடுங்கள், ஆனால் அவன் தடுமாறும் இடத்தில் நிறுத்தாமல், நீங்கள் சொல்லிக்கொடுத்து அவன் சரியாகச் சுற்றும்வரை ஓடவிடுங்கள். லைக் குறைவாக வரும், பரவாயில்லை.

கருவி போனபிறகும் தேவைப்படுகிற பழக்கங்களைக் கருவி இல்லாமலே கைமாற்றிவிடுங்கள். வீட்டில் யாராவது ஒருவருடைய எண்ணாவது பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரியட்டும்; போன் தொலைந்த அன்று, அந்தப் போனுக்குள் இருக்கும் எண் எதற்கும் உதவாது. முள் கடிகாரத்தை அறையில் திரும்ப மாட்டுங்கள். கோப்பை எங்கே வைத்தாய் என்று கேளுங்கள், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பதிலுக்கு, வங்கியின் பெயரில் வரும் மோசடிக் குறுஞ்செய்தியை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறான் என்று அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் பல பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டி.

எல்லாவற்றையும்விட, அந்தப் போன் பேச்சு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்க வேண்டியிருந்தால் உங்கள் பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். முதல் தடவை இழுப்பான், நடுவில் உங்கள் முகத்தைப் பார்ப்பான், மறுமுனையில் இருப்பவர் பொறுமை இழப்பார். போனைப் பிடுங்கி நீங்களே முடித்துவிடலாம் என்று கை பரபரக்கும். பிடுங்காதீர்கள். 'கிழமையைத் திரும்ப ஒருமுறை கேட்டு எழுதிக்கோ' என்று தாளையும் பேனாவையும் மட்டும் அவன் பக்கம் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
காலையும் மாலையும் கணினி வகுப்பு எடுக்கும் ஒருவன்