அட்டவணைக்கு அடங்காத மகளுக்கு

ரங்கூன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போன வாரம் பேசியபோது, "எனக்கு ஒழுங்கே வராதுப்பா, எந்த அட்டவணை போட்டாலும் நாலு நாள்கூடத் தாங்குவதில்லை" என்று நீ சொன்னது மனத்தை விட்டு அகலவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

உனக்கு ஒழுங்கு இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு படத்துக்கு வண்ணம் தீட்ட உட்கார்ந்தால் சாப்பாட்டையும் மறந்துவிடும் பெண்ணிடம் உழைப்போ கவனமோ குறைவு என்று யார் சொல்ல முடியும்? ஒன்பது மணி முதல் பத்தரை வரை இது, பத்தரை முதல் பன்னிரண்டு வரை அது என்று நாளைக் கூறு போடும் முறைதான் உன் இயல்புக்கு ஒத்துவரவில்லை. பலர் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூட வேண்டிய அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்த முறை அவசியம். சிங்கப்பூரில் ஓர் அறையில் தனியாக அமர்ந்து குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் வரையும் உனக்கு அது வேண்டுமா என்பதை முதலில் யோசி.

நம் தையல் கடையில் எந்தக் காலத்திலும் மணிக்கணக்கு அட்டவணை இருந்ததில்லை. இப்போது இருக்கவும் முடியாது; மின்சாரம் இன்ன நேரத்தில் வரும் என்று அறிவித்தாலும் அந்த நேரத்துக்கு வருவது நிச்சயமில்லை. ஆனாலும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் வெள்ளைச் சட்டையும் பச்சைக் கைலியும் கேட்டு வருகிறவர்களுக்குச் சொன்ன தேதியில் கொடுத்துவிடுகிறோம். எப்படி என்றால், எந்த வேலைக்கு எது தேவை என்பது கைக்குத் தெரியும். துணி வெட்டுவதும் நூல் நிறம் பொருத்துவதும் பகல் வெளிச்சத்தில்தான், ஏனென்றால் விளக்கு வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். மின்சாரம் வந்த நொடியில், கையில் இருப்பது எதுவானாலும் அப்படியே வைத்துவிட்டு, ஓவர்லாக் அடிப்பதும் இஸ்திரி போடுவதும் நடக்கும். அது போனால் கால் மிஷினில் மூட்டுத் தையல். இருட்டிய பிறகு பேட்டரி விளக்கடியில் காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவது. இத்தனைக்கும் சுவரில் இருக்கும் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை.

உன் வேலையையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். புதுக் கதையைப் படித்து முதல் கோட்டோவியம் போடுவதற்குத் தெளிந்த மனமும் அமைதியும் வேண்டும். வண்ணம் நிரப்புவதைப் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம். பதிப்பகத்துக்குக் கணக்கு அனுப்புவதையும் கோப்புகளுக்குப் பெயரிட்டு அடுக்குவதையும் களைத்த வேளையிலும் செய்யலாம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நேரத்தை எழுதாமல், அதற்கு எப்படிப்பட்ட மனநிலை வேண்டும் என்று எழுதி வை. காலையில் எழுந்ததும் மனம் எப்படி இருக்கிறதோ அதற்கேற்றதை எடு. மனம் ஓடாத நாளிலும் செய்வதற்கு ஏதாவது இருந்தால், அந்த நாள் வீணாயிற்று என்று நீ குமைய வேண்டியிருக்காது.

இந்தச் சுதந்திரத்தை இரண்டு கட்டுப்பாடுகள்தான் தாங்கி நிற்கின்றன; இவற்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, மற்றவர் காத்திருக்கும் தேதி. ஒவ்வொரு துணி மூட்டையிலும் அளவுச் சீட்டோடு கொடுக்கும் தேதியையும் குத்தி வைப்பது எதற்கென்று உனக்குத் தெரியும். அந்தத் தேதி கல்லில் எழுதியது. அதற்கு முந்தைய நாட்கள் நம்முடையவை. மற்றொன்று, பிரித்துப்போட்ட வேலைகளின் எண்ணிக்கை. அலமாரியில் எத்தனை மூட்டை இருந்தாலும் மேசையில் மூன்றுக்கு மேல் பிரிக்க விடமாட்டேன். டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வகுத்த கான்பன் அட்டை முறையும் இதற்கு நெருங்கியதே: அடுத்த கட்டத்தில் இருப்பவர் கேட்காமல் முந்தைய கட்டத்தில் பொருளைச் செய்து குவிக்கக் கூடாது. உன்னிடம் இப்போது பாதியில் நிற்பவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தாயா? உன்னை அலைக்கழிப்பது அந்தப் பாதி வேலைகள்தான் என்பது என் எண்ணம்.

தேதி கொடுக்கும்போது உன் ஆசையைக் கேட்டுக் கொடுக்காதே. ஒரு வேலைக்கு ஆகும் நாட்களைக் குறைத்து மதிப்பிடுவது மனிதர்கள் எல்லோருக்கும் உள்ள இயல்பு என்று உளவியலாளர்கள் டேனியல் கானெமானும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாட்களுக்கு மேல் ஆயிற்று. கையில் உள்ள வேலையைக் கற்பனை செய்து கணக்கிடாமல், இதே போன்ற பழைய வேலைக்கு எத்தனை நாள் பிடித்தது என்று பார்ப்பதே இதற்கு மருந்து. நீ முடித்த புத்தகங்களின் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உன் மின்னஞ்சலிலேயே இருக்கும்.

இருபத்தைந்து நிமிட வேலை, ஐந்து நிமிட ஓய்வு என்ற முறையைத் தோழி சொன்னாள் என்றாய். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உருவாக்கிய முறை அது. கணக்கு எழுதுவது போல மனம் ஒட்டாத வேலைக்கு அதை வைத்துக்கொள். வரைவதில் ஆழ்ந்திருக்கும்போது மணியடித்து உன்னை எழுப்பும் எதையும் அருகில் வைக்காதே. தொடங்குவதுதான் சிக்கல் என்றால், பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த வழி உனக்குப் பொருந்தும்: இது நடந்தால் அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும் நேற்றைய படத்தைத் திறப்பேன் என்று வைத்துக்கொள். அது எட்டு மணிக்கு நடந்தால் என்ன, பதினொன்றுக்கு நடந்தால் என்ன?

ஆமை முயல் புத்தகத்துக்குத் தேதி தள்ள வேண்டியிருக்கும் என்றாயே, அதை இன்றே பதிப்பகத்தாருக்கு எழுதிவிடு. கடைசி நாளில் கேட்பதைவிட இப்போது கேட்பது அவர்களுக்கும் உதவி. ஞாயிறு இரவு உனக்கு ஒன்பதரை, எங்களுக்கு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறோம். மேசையில் வைத்துக்கொள்ளப் போகும் மூன்று வேலைகள் எவை, மற்றவை எதற்காகக் காத்திருக்கின்றன என்று அப்போது சொல். அம்மா உன் கண்களைப் பற்றிக் கேட்பாள், மறைக்காமல் சொல்.

அன்புடன்,
அப்பா