தம்பிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பி,

இங்கே அம்மாவும் நானும் சுகம். புலனத்தில் எழுதினால் இரண்டு நீலக்கோடு விழுவதோடு சரி, பதில் வருவதில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன்.

முகநூலில் நீ போடும் படங்களை ஒன்று விடாமல் பார்க்கிறேன். லைக் போடுவதில்லை. போட்டால் அப்பா உளவு பார்க்கிறார் என்பாய்.

கெப்போங் காட்டில் எடுத்தாயே, அந்த முசுறு எறும்புப் படம். முசுறுதானே என்று தள்ளிவிட்டுப் போய்விட்டேன். அம்மாதான் காலை எண்ணிப் பாருங்கள் என்றாள். எட்டு! முன்னங்கால் இரண்டையும் எறும்பின் மீசை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிலந்தி. ஆண் என்று எழுதியிருந்தாய். அதன் தாடை நீண்டு போய், இன்னொரு எறும்பைக் கவ்விக்கொண்டு நடப்பது போலவே இருக்கிறது. முன்னால் பெரிய கண் இரண்டு, அந்த இரண்டிலும் உன் பிளாஷ் வெளிச்சம் சின்னச் சதுரமாக விழுந்திருப்பதுகூடத் தெரிகிறது. கோயில் கமிட்டி ஆட்களிடம் கைப்பேசியை நீட்டி, என் மகன் எடுத்தது என்றேன். "எறும்பைப் போய் படம் எடுத்திருக்கிறானா?" என்று கேட்டார் செயலாளர். அவருக்குப் புரிய வைப்பதற்குள் பூசையே முடிந்துவிட்டது.

அந்தச் சிலந்தி இருந்தால் பக்கத்தில் முசுறுக் கூடும் இருந்திருக்கும். நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போ. விழுந்து கிடக்கும் மரத்தைக் கையால் புரட்டாதே. பசியாறாமல் காட்டுக்குள் போகாதே. வெள்ளீயம் தோண்டிப் பாழாய்ப்போன மண்ணில் நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோகூடப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் அட்டைக்கும் பாம்புக்கும் அதெல்லாம் தெரியாது.

படம் எடுத்தது செவ்வாய்க்கிழமை காலை என்று போட்டிருந்தாய். விடியலில் போவது சரிதான். வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை பூச்சி அசையாது, அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடத் தெளிவாக விழாது என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஆனால் அடுத்து வந்த தட்டான் வியாழக்கிழமை. அந்தப் பச்சை வெட்டுக்கிளி திங்கள். எல்லாம் காலை வேளை. பொங்கலுக்கு ஒரு நாள் லீவு கொடுக்காத கம்பெனி இப்போது தாராளமாகக் கொடுக்கிறது போலும். நல்லதுதான்.

வேறு செய்தி பெரிதாக இல்லை. அத்தை மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. வாசல் மாமரத்தை வெட்டியாயிற்று.

அப்புறம் ஒன்று. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்களாம், எதிர்வீட்டுப் பையனுக்கும் வேலை போய்விட்டது. சம்பளத்தில் மாதாமாதம் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்குப் பிடிக்கிறார்களே, வேலை போனால் அதில் கொஞ்ச மாதத்துக்குக் காசு வரும். 2018இலிருந்து இருக்கிற திட்டம், நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. வேலை நின்ற 60 நாளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்குக் கிடையாது. உன் நண்பர்கள் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். 60 நாள், மறந்துவிடாதே.

கடைசியாகப் போட்ட மீன் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செதிள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் தொட்டிக் கண்ணாடியில் நீயும் விழுந்திருக்கிறாய். மீனை விட்டுவிட்டு அதைத்தான் ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாடி வைத்திருக்கிறாய். தோள் எலும்பு தெரிகிறது. பின்னால் சன்னலில் பட்டப்பகல் வெயில். அறை விளக்கை அணை, திரையை இழுத்து விடு, கறுப்புச் சட்டை போட்டுக்கொள், லென்சைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வை. வெளிச்சம் தொட்டிக்கு மேலிருந்து மட்டும் வரட்டும். அப்படி எடுத்தால் ஆள் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

நம் தொட்டியில் சண்டைமீன் ஆண் வாய் உப்பிக்கொண்டு நிற்கிறது. கடையில் விற்கும் வால் பெரிய வகை நுரையில் முட்டையை வைக்கும், நம் பினாங்கு ஓடை மீன் வாயில் வைக்கும் என்றபோது சின்ன வயதில் நீ நம்பவே இல்லை. 1849இல் காண்டர் என்ற டென்மார்க்கு டாக்டர் இந்தத் தீவு மீனைப் பார்த்துத்தான் அதற்குப் பெயர் வைத்தார் என்று பிறகு நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். புழு போட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. குஞ்சு வெளியே விடுவதற்குள் வந்தால் எடுக்கலாம். இந்தப் படம் உன்னிடம் இல்லை.

தெலுக் பஹாங்கில் சாலைக்கு மேலே குரங்குகள் கடந்து போக, பழைய தீயணைப்புக் குழாயில் 2019இல் பாலம் கட்டினார்கள் அல்லவா, அங்கேயும் போகலாம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தக் கறுப்புக் குரங்குதான். குட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், வளர வளரக் கறுத்துவிடும். காலை ரயிலில் பட்டர்வொர்த் வந்து பெரிப் படகில் ஏறிவிடு. வண்டிக்குக் கொஞ்சம் காசு உன் கணக்கில் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே, போன முறை அனுப்பியதற்கே எனக்குக் கோபம். லென்சை விற்கிற யோசனை ஏதாவது இருந்தால் வெளியே கொடுத்துவிடாதே, நானே வாங்கிக்கொள்கிறேன்.

வந்தால் அம்மா முன்னால் சொக்சோ பேச்சை எடுக்காதே. எதிர்வீட்டுப் பையன் இன்று காலையும் வேலைக்குப் போனதை அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

அப்பா