அணை நீர் வடியும்போது தெரியும் ஈமக்காடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாகச் சரியும் ஆண்டுகளில், பண்ணவாடி பக்கம் வெளியே தெரியும் நந்தி சிலையையும் பழைய தேவாலயக் கோபுரங்களையும் காணக் கூட்டம் திரள்வதும் நாளிதழ்களில் படம் வருவதும் வழக்கம். அதே நீர்த்தேக்கப் பகுதியில், தெலுங்கனூரிலும் மாங்காட்டிலும், அவற்றைவிட மிகப் பழமையான, இறந்தோரைப் புதைத்த இரும்புக்கால ஈமக்காடு வெளிப்படுவதை எவரும் பொருட்படுத்துவதில்லை.

நீர் வற்றிய ஒரு கோடையில் அங்கே சென்று பார்த்தேன். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வண்டலில் பெரிய கற்கள் வட்டமாகப் பதிந்திருக்க, அவற்றின் நடுவே சிறு கற்கள் குவிந்திருந்தன. புதைகுழிகளின் மேல் அமைந்த கல்வட்டங்கள் அவை. அலை அரித்த ஓரிடத்தில் உட்புறம் கருப்பும் வெளிப்புறம் சிவப்புமான பானை ஓடுகள் சிதறிக் கிடந்தன. கலத்தைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத பகுதி கறுத்துப்போன அந்த ஓடுகளின் வழவழப்பு இன்னும் மங்கவில்லை. மாங்காட்டில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 1604 வரை செல்வதாகக் காலக்கணிப்பு கூறுகிறது என்பதை அறிந்தவர் அந்த மண்ணில் கூசித்தான் கால் வைப்பார்.

1934இல் அணை கட்டி முடிக்கப்பட்டது முதல் நீர் ஏறுவதும் இறங்குவதுமாக இந்தப் புதைகுழிகள் கரைந்து வருகின்றன. அதைத் தடுப்பது எளிதல்ல. ஆனால் 2017 முதல் விவசாயிகளுக்கு வண்டல் மண் அள்ள அனுமதி வழங்கப்படும் நீர்த்தேக்கத்தில், கல்வட்டம் எது, வெறும் கல் எது என்று பொக்லைன் ஓட்டுநருக்குச் சொல்ல அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. (சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கற்கோடரிகள் சிறு கோயில்களில் சாமியாக வைத்துக் கும்பிடப்பட்டதை, ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளரும் தொல்லியல் ஆய்வாளருமான ராபர்ட் புரூஸ் பூட் பதிவு செய்திருக்கிறார். ஈமக்காட்டுக்கு அந்தக் காவலும் வாய்க்கவில்லை.) வண்டல் விவசாயிகளுக்குத் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அள்ளும் இடத்தை வரையறுத்தாலே போதும்.

எனவே, அடுத்த முறை நீர்மட்டம் குறையும்போது, மண் அள்ளும் அனுமதி வழங்குமுன் தொல்லியல் துறையும் வருவாய்த் துறையும் இணைந்து கல்வட்டங்களை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். ஓடோ இரும்போ கண்ணில் பட்டால் எடுக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிக்குமாறு கூறும் தமிழ்ப் பலகை ஒன்றைக் கரையில் வைக்கவும் மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகன்,
கொளத்தூர், சேலம் மாவட்டம்.