வரைபடத்துக்கு முன் ஒரு சுண்ணாம்புக் கோடு

பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் கட்டடக் குழுவுக்கும்,

வணக்கம்.

நம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து, முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். இன்று வளாகத்தில் நிற்கும் கட்டடங்களில் பதினொன்றுக்கு எம்-புக்கில் (வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில்) என் கையெழுத்து இருக்கிறது. நூலகத்துக்கு மேற்கே, புங்க மரங்கள் நிற்கும் திடலில் நான்கு மாடி அறிவியல் கட்டடம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். வரைபடத்தையும் பார்க்க வாய்த்தது. அதிலுள்ள பிழைகளில் பாதி நானே முன்பு செய்தவை. அதனால்தான் கோபத்தைவிடக் கூச்சத்தோடு இதை எழுதுகிறேன்.

நம்மிடம் ஒரு கட்டடம் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலில் பணம் வருகிறது. எந்தத் திட்ட நிதியானாலும் நிதியாண்டு முடியும் மார்ச் 31 என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கும். அதற்குள் பணம் செலவாகிவிட்டது என்று பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். ஆகவே வந்த தொகையைச் சதுர அடி விலையால் வகுக்கிறோம். வருகிற விடைதான் கட்டடத்தின் அளவு. பழைய வரைபடம் ஒன்றை எடுத்து, அந்த அளவுக்கு நீட்டியோ குறுக்கியோ எஸ்டிமேட் போடுகிறோம். எங்கே காலி இடம் இருக்கிறது என்று பிறகு தேடுகிறோம். பூமி பூஜை நடக்கிறது. தளம் போட்ட பிறகு, எந்தத் துறைக்கு எந்த மாடி என்று சண்டை ஆரம்பிக்கிறது. அந்தக் கட்டடத்தில் வேலை செய்யப்போகிறவரிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்கும் கட்டம் இந்த வரிசையில் எங்குமே இல்லை.

நான் மேற்பார்த்த ஓர் ஆய்வகக் கட்டடத்தின் கதையைக் கேளுங்கள். வேதியியல் ஆய்வகத்தைத் தரைத்தளத்தில் வைத்தோம். புகைக்கூண்டுக் குழாயை மாடி வரை ஏற்ற எஸ்டிமேட்டில் இடமில்லை. சுவரைத் துளைத்துப் பக்கவாட்டில் விட்டோம். மேலே முதல் மாடி வகுப்பறையின் ஜன்னல். அமில நெடி தாங்காமல் அந்த ஜன்னலை ஆணி அடித்து மூடினார்கள். நுண்ணோக்கி அறை மூன்றாம் மாடியில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் வந்தது. லிஃப்ட் ஓடும்போதெல்லாம் படம் நடுங்கும். இரண்டு ஆய்வகங்களையும் இடம் மாற்றியிருந்தால் இரண்டு தொல்லையும் தீர்ந்திருக்கும்: நெடி வெளியேற மேல்மாடி, அதிராமல் நிற்கத் தரைத்தளம். இருபது ஆண்டு ஆய்வக வேலை பார்த்த உதவியாளர் ஒருவர் திறப்பு விழா அன்றே இதை என்னிடம் சொன்னார். "முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்" என்றார். அவரைக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

அதே கட்டடத்தில் சக்கர நாற்காலிக்கான கழிப்பறை ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு கட்டாயமாகச் சேர்த்தது. இன்று அது பூட்டிக் கிடக்கிறது. உள்ளே துடைப்பமும் வாளியும் பினாயில் கேனும் இருக்கின்றன. துப்புரவுப் பணியாளர் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு மாடிக் கட்டடத்தில் அவர் ஒரு வாளி வைக்க ஆறடிக்கு நாலடி இடம்கூட நாங்கள் ஒதுக்கவில்லை. சாய்தளமும் அப்படித்தான். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். தரையிலிருந்து நம் கட்டடத்தின் பீடம் இரண்டரை அடி உயரம். ஆக முப்பது அடி. முன்வாசலில் கார் நிற்க இடம் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு அடியில் முடித்துவிட்டோம். அதில் ஏற முயன்ற மாணவர் ஒருவரை இரண்டு நண்பர்கள் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்கும் எம்-புக்கில் கையெழுத்து என்னுடையதுதான்.

வாஸ்துவையும் சொல்லாமல் விட முடியாது. ஈசானிய மூலையில் கழிப்பறை வருகிறது என்று ஒருவர் சொல்ல, ஒருமுறை வரைபடத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டோம். கழிப்பறை இடம் மாறியது. கூடவே வகுப்பறைகள் எல்லாம் மேற்கு வெயிலுக்குப் போய்விட்டன. தெய்வம் மன்னித்திருக்கலாம், மின்கட்டணம் மன்னிக்கவில்லை.

இப்போதைய வரைபடத்திலும் என்னை முதலில் உறுத்துவது அந்த மேற்கு முகம்தான். தரையிலிருந்து உச்சி வரை கண்ணாடி, ஓரங்களில் ஏசிபி (அலுமினியக் கூட்டுப்) தகடு. நம் ஊரில் தெற்கு வெயில் உச்சியிலிருந்து வருவதால் ஒரு சன்ஷேடு போதும், தடுத்துவிடலாம். மேற்கு வெயில் மாலையில் படுக்கையாக நுழையும். அதைச் சன்ஷேடு தடுக்காது. கிழக்கு மேற்காக நீளவாட்டில் கட்டடத்தைக் கிடத்தி, ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைப்பது மேஸ்திரிகளுக்கே தெரிந்த கணக்கு. கண்ணாடி வைத்தால் 'உலகத் தரம்' என்று தோன்றுகிறதாம். பிறகு அதற்குத் திரை போட்டு, விளக்குப் போட்டு, ஏசி போட்டு உட்கார்ந்திருப்போம். அந்த ஏசிகளின் வெளிப்பெட்டிகளுக்கு வரைபடத்தில் இடமே இல்லை என்பதையும் கவனித்தேன். முகப்பில்தான் தொங்கப்போகின்றன.

திருவனந்தபுரம் நமக்கு ஓர் இரவுப் பயணம். அங்கே உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை உங்களில் சிலராவது நேரில் பார்க்க வேண்டும். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் அழைத்து, கட்டடவியலாளர் லாரி பேக்கர் 1970-களின் தொடக்கத்தில் கட்டியது. பத்து ஏக்கர் சரிவு நிலம். நிலத்தைச் சமப்படுத்தாமல் சரிவை ஒட்டியே கட்டடங்களை வைத்தார். மரம் குறுக்கிட்ட இடத்தில் சுவர் வளைந்து போகிறது. ஜன்னலுக்குப் பதிலாகப் பல இடங்களில் இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் ஜாலி, அதன் வழியே காற்று. ராட் ட்ராப் பாண்டு (எலிப்பொறிக் கட்டு) முறையில் செங்கல்லை நிறுத்தி வைத்துக் கட்டினால் நடுவில் வெற்றிடம் விழும். செங்கல்லில் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், வெப்பமும் குறைவாக இறங்கும். பூச்சு வேலை இல்லை, ஆகவே பெயின்ட் டெண்டரும் இல்லை. (எங்கள் பிரிவில் இந்த முறை பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.) பேக்கர் பெரும்பாலும் கட்டும் இடத்திலேயே நின்று, கொத்தனாரோடு பேசிப் பேசி வரைபடத்தை மாற்றியவர். நம் ஒப்பந்தப்புள்ளி விதிகளுக்குள் அதை அப்படியே செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னால் பேசுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

அப்படிப் பேசுவதையே விதியாக்கிய பல்கலைக்கழகமும் உண்டு. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்தில், மாணவர் கிளர்ச்சிகளுக்குப் பிறகு, கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடவியலாளரை அழைத்தது. ஐம்பது ஆண்டுக்கான பெரிய வரைபடம் எதையும் அவர் தரவில்லை, சில விதிகளைத்தான் தந்தார். என்ன கட்ட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோர் குழுவே முடிவு செய்ய வேண்டும். பணம் முழுவதும் பெரிய கட்டடங்களுக்கே போய்விடாமல் நடுத்தர வேலைக்கும் சில்லறை வேலைக்கும் சமமாகப் போக வேண்டும். வளாகத்தில் எந்த இடம் உயிரோடு இருக்கிறது, எது செத்துக் கிடக்கிறது என்று ஆண்டுதோறும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன எல்லாமும் அங்கே நடந்துவிடவில்லை. ஆனால் பயன்படுத்துவோர் குழு என்ற ஏற்பாடு இன்றும் அங்கே இருக்கிறது.

இதற்கு உங்களிடமிருந்து வரும் பதில் எனக்குத் தெரியும்: "கேட்டால் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஏசி என்பார்கள்." உண்மைதான். ஒரே ஒருமுறை துறைத்தலைவர்களைக் கூட்டினோம். மூலை அறை யாருக்கு என்பதிலேயே மதியம் போய்விட்டது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஆய்வக உதவியாளர் இல்லை, விடுதி மாணவி இல்லை, எலக்ட்ரீஷியன் இல்லை, வாளிக்கு இடம் கேட்டிருக்கக்கூடிய அந்த அம்மாவும் இல்லை. தவறான ஆட்களை மட்டும் கூப்பிட்டுவிட்டு, கேட்பதே வீண் என்று முடிவுகட்டினோம்.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தை வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடவியலாளர் லூயி கான், உடனிருந்தவர் நம் நாட்டுக் கட்டடவியலாளர் பி.வி. தோஷி. உலகமே போய்ப் பார்க்கும் கட்டடங்கள். அங்கேயே 2020 டிசம்பரில், கான் கட்டிய 18 விடுதிகளில் 14-ஐ இடிக்க முடிவெடுத்தார்கள். கசிவு, செங்கல் உதிர்வு, பூகம்பம் தந்த சேதம் என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பவே 2021 ஜனவரி 1 அன்று அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். பிறகும் சர்ச்சை ஓயவில்லை. அதே வளாகத்தின் நூலகத்தைப் பழுதுபார்த்து மீட்டதற்கு 2019-இல் யுனெஸ்கோ விருது கிடைத்திருந்தது. கானுக்கே இந்தக் கதி என்றால் நம் ஏசிபி தகடு எத்தனை மழையைத் தாங்கும்? புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட நிதி கிடைக்கிறது. பழைய கட்டடத்தின் மழைநீர்க் குழாயில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க ஆள் போட நிதி இல்லை. என் கடைசி ஐந்து ஆண்டுகளில் நான் அனுப்பிய பராமரிப்புக் கோப்புகள் பெரும்பாலும் 'நிதி இருப்பு அறிந்து மீளச் சமர்ப்பிக்கவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தன.

ஆகவே, ஒப்பந்தப்புள்ளியை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். மார்ச் 31-ஐ எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால், முதல் தவணையை ஆழ்துளை மண் பரிசோதனைக்கும், பழைய அறிவியல் கட்டடத்தின் மின்கம்பி மாற்றத்துக்கும் செலவிட வழி இருக்கிறதா என்று நிதி அலுவலரோடு உட்கார்ந்து பார்க்கலாம். நான் இருந்தபோது அப்படி ஒருமுறை அனுமதி வாங்கியிருக்கிறோம். அந்த மூன்று மாதத்தில், கட்டடத்துக்குள் தினமும் நுழையப்போகும் ஒவ்வொரு வகை ஆளிலும் இருவரையாவது உட்காரவைத்து, தேவைகளை எழுத்தில் வாங்குங்கள். வரைபடத்தை நூலக வாசலில் ஒட்டுங்கள், தமிழில் குறிப்பு எழுதி. மொத்த மதிப்பீட்டில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று வைப்புநிதியாகப் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, அதற்குச் செலவே இல்லை. புங்க மரத் திடலில் கயிறு பிடித்து, கட்டடத்தின் நான்கு மூலையையும் அடையாளம் வைத்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள். விடுதியிலிருந்து நூலகத்துக்கு மாணவர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதையை அந்தக் கோடு இரண்டு இடத்தில் வெட்டும். எட்டு மரங்கள் கோட்டுக்குள் மாட்டும். நான் எண்ணிவிட்டு வந்தேன். கட்டடத்தை இருபத்தைந்து அடி வடக்கே தள்ளி, நீளவாட்டைத் திருப்பினால் ஆறு மரங்கள் தப்பும், பாதையும் கட்டடத்தின் தாழ்வாரத்தோடு சேரும். இதைக் காகிதத்தில் காட்டினால் நம்புவது கடினம். கோட்டுக்குள் நின்று பாருங்கள், மாலை மூன்று மணிக்கு, மேற்கே முகம் வைத்து.

தேதி சொன்னால் போதும். டேப்பும் கயிறும் நான் கொண்டுவருகிறேன். சுண்ணாம்புப் பொடி இரண்டு மூட்டை பொறியியல் பிரிவுக் கிடங்கிலேயே இருக்கும், விளையாட்டுத் திடலுக்கு வாங்கியது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உதவி செயற்பொறியாளர் ஒருவர்